அம்மாவின் பவழமல்லி: வீட்டை விட்டுப் போகும்போது எதை எடுத்துச் செல்வது?

கேள்வி: நிலவொளி

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் மறைந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. எனக்கு நான்கு வயதாக இருந்தபோது அவர் நட்ட பவழமல்லி மரம், வீட்டின் பின்புறம், நான் படுக்கும் அறையின் சன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. வீடு இப்போது வேறொருவர் கைக்குப் போகிறது. இன்னும் நான்கு மாதங்களில் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பின்கட்டை இடித்து விரிவாக்கப் போவதாகச் சொல்லியிருப்பதால், மரத்தை அவர்கள் பொறுப்பில் விட்டுச் செல்வதற்கும் வழியில்லை.

அம்மா அதிகம் பேசாதவர். விடியும் முன்பே எழுந்து துடைப்பத்தோடு பின்பக்கம் போவார். ஆனால் போனவுடன் பெருக்கத் தொடங்கமாட்டார். இரவெல்லாம் மலர்ந்து உதிர்ந்த பூக்கள் பவழக் காம்புகள் தெரியத் தரை முழுக்கக் கிடக்க, அவற்றை மிதித்துவிடாமல் ஓர் ஓரமாகச் சிறிது நேரம் நிற்பார். கிளையிலிருந்து அவர் ஒரு பூவையும் பறித்து நான் பார்த்ததில்லை. நான் பறிக்கக் கை நீட்டினால், "அதுவாக வரும், பொறு" என்பார். மரத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அநேகமாக அவ்வளவுதான்.

அவர் மறைந்த பிறகு இரண்டு மாதங்கள் அந்தச் சன்னலை நான் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலை, உறக்கம் வராமல் திறந்தேன். மணம் உள்ளே வந்த அந்தக் கணத்தில் எனக்கு அவருடைய முகம் நினைவுக்கு வரவில்லை. காய்ச்சலில் கிடந்த என் நெற்றியில், ஈரம் துடைக்காமல் அவர் வைத்த குளிர்ந்த கை வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கையை நான் ஒருமுறையும் நினைத்ததில்லை. வீட்டில் இருக்கும் புகைப்படங்களில் ஒன்றுகூட அதை எனக்குத் தந்ததில்லை.

அன்றிலிருந்து நாள்தோறும் விடியலில் மரத்தடியில் போய் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. முதல் சில வாரங்கள் ஒவ்வொரு முறையும் அந்தக் கை வந்தது. பிறகு விட்டுவிட்டு வந்தது. இப்போது பூவின் மணம் மட்டும் வருகிறது. மரம் போவதற்கு முன்பே நான் எதையோ செலவழித்துத் தீர்த்துவிட்டேனோ என்று அஞ்சுகிறேன்.

அண்ணனிடம் சொன்னபோது, "பவழமல்லி எங்கே வைத்தாலும் பவழமல்லிதானே, ஒரு கன்று வாங்கி நட்டால் போயிற்று" என்றார். அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஆகவே அறிந்தவர்களிடம் கேட்கிறேன். இந்த மரத்தையே நான் எடுத்துச் செல்ல வழி உண்டா? பூக்களை உலர்த்தி வைத்தால் மணம் நிற்குமா? பழகப் பழக நினைவு தேய்வது எல்லோருக்கும் நேர்வதுதானா?

மறுமொழி 1: பதியன்காரர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கு மட்டும் என்னால் விடை சொல்ல முடியும். மூன்றாவதற்கு அத்துறையைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

முப்பது ஆண்டு கடந்த மரத்தை வேரோடு பெயர்த்து இன்னோரிடத்தில் நடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தோண்டும்போதே நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி அறுந்துவிடும். பெரிய மரங்கள் அந்த அதிர்ச்சியிலிருந்து மீள்வது அரிது. ஆனால் 'இந்த மரத்தையே' எடுத்துச் செல்ல முடியுமா என்றால், முடியும். விதையிலிருந்து வரும் கன்றுக்கும் கிளையிலிருந்து வரும் கன்றுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். விதைக்குள் இருப்பது, உங்கள் மரத்தின் சூலும் ஏதோ ஒரு பூவின் மகரந்தமும் சேர்ந்து உண்டாக்கிய புதிய உயிர். அது உங்கள் மரத்தின் பிள்ளை. அந்த மரம் அன்று. கிளையை வெட்டி நட்டு வேர்விடச் செய்தாலோ, வேர்விடுவது அதே மரத்தின் உடல். மரபணு அளவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. உங்கள் தாயார் நீர் ஊற்றிய மரத்தின் ஒரு கை வேறோரிடத்தில் ஊன்றி நிற்கிறது என்றே அதைக் கொள்ளலாம்.

செய்முறை கடினமானதன்று. பச்சையாக வளையும் இளங்கொழுந்தையும், பட்டை தடித்த முதிர்ந்த கிளையையும் தவிர்த்து, இரண்டுக்கும் நடுவே பென்சில் பருமனில் இருக்கும் கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். காலையில், மரம் நீர் நிறைந்திருக்கும் வேளையில், ஒரு சாண் நீளத்தில் மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு, அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கிவிட்டு, மேலே உள்ள இரண்டு இலைகளையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். வேர் இல்லாத குச்சி இலை வழியே நீரை இழப்பதுதான் அது சாவதற்கு முதற்காரணம். மணலும் மக்கிய உரமும் கலந்த, நீர் தேங்காத தொட்டியில் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, மேலே பாலித்தீன் பையைக் கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். எல்லாரும் செய்யும் தவறு அதுதான், நானும் செய்திருக்கிறேன். துளிர் விட்டதைக் கண்டதும் வேர் வந்துவிட்டது என்றும் நம்பிவிட வேண்டாம், குச்சியில் எஞ்சியிருக்கும் சத்தே சில இலைகளை வெளித்தள்ளிவிடும். இப்படி ஊன்றும் குச்சியைப் போத்து என்போம்; எல்லாப் போத்துகளும் பிழைக்கா என்பதால் குறைந்தது பன்னிரண்டு வையுங்கள்.

போத்து தவறினால் கைகொடுக்க, அதே நாளில் விண்பதியமும் போட்டுவிடுங்கள். மரத்திலேயே இருக்கும் ஒரு கிளையில் விரல் அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்து, அந்த இடத்தில் ஈரமான பாசியையோ தென்னை நார்க் கழிவையோ வைத்து, பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இலைகளில் உண்டாகும் உணவு பட்டை வழியே கீழே இறங்க முடியாமல் அந்த வளையத்தின் மேல் தேங்குவதால் அங்கே வேர் பிறக்கும். கிளை தாய்மரத்திடமிருந்து நீர் குடித்துக்கொண்டே தனக்கு வேர் தேடிக்கொள்வதால் இதில் இழப்பு குறைவு. தாளுக்குள் வேர் தென்பட்ட பிறகு வளையத்துக்குக் கீழே அறுத்து நட்டுவிடலாம். விதையையும் விட்டுவிடாதீர்கள். காசு போல் தட்டையான காய்க்குள் இரண்டு அறைகளும், அறைக்கு ஒரு விதையும் இருக்கும்; காய் பழுப்பேறிய பிறகு எடுங்கள்.

உலர்த்துவதைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மணம் என்பதே பூவிலிருந்து ஆவியாகி வெளியேறும் பொருள். அது போனால்தான் நம் மூக்குக்கு எட்டும். உலர்ந்த பூவில் அதைத் தேடுவது வீண். வடிவத்தை வேண்டுமானால் காக்கலாம். அன்று விழுந்த பூக்களை மை உறிஞ்சும் தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, முதல் வாரம் நாள்தோறும் தாளை மாற்றுங்கள். வெள்ளை இதழ் பழுப்பாவதைத் தடுக்க முடியாது. காம்பின் செம்மஞ்சள் இதழை விட நெடுநாள் தாங்கும். குங்குமப்பூவுக்கு நிறம் தரும் பொருளின் இனத்தைச் சேர்ந்த நிறமியே அதிலும் இருக்கிறது. ஒளி படாத பெட்டியில் வைப்பது நல்லது.

கடைசியாக ஒரு சொல் ஆசை. பூவின் பருவங்களை நம் மொழி அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பிரித்து வைத்திருக்கிறது. உதிர்ந்த பூ வீ. வாடிய பூ செம்மல். பவழமல்லி வாடிய பிறகு உதிர்வதில்லை, உதிர்ந்த பிறகே வாடுகிறது. "அதுவாக வரும், பொறு" என்று உங்கள் தாயார் சொன்னதைப் படித்ததும் எனக்கு இது நினைவுக்கு வந்தது. 1753-இல் இந்த மரத்துக்கு அறிவியற்பெயர் வைத்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ், அதில் 'துயர மரம்' என்று பொருள்படும் சொற்களைச் சேர்த்தார். பகலில் பூவற்று நிற்பதைப் பார்த்து அப்படித் தோன்றியிருக்கலாம். விடியலில் அதன் அடியில் நின்றவர்கள் அந்தப் பெயரை ஏற்கமாட்டார்கள்.

மறுமொழி 2: உடலியல் கற்பிப்பவர்

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணும் காதும் தோலும் அனுப்பும் செய்திகள் மூளையின் நடுவே உள்ள தாலமஸ் என்னும் பகுதியில் நின்று, அங்கிருந்துதான் உரிய இடங்களுக்குப் போகின்றன. மணத்துக்கு அந்த இடைநிறுத்தம் இல்லை. மூக்கின் மேற்கூரையில் உள்ள நரம்புச் செல்கள் நுகர்ச்சிக் குமிழுக்குச் செய்தி அனுப்ப, அது அங்கிருந்து உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸின் நுழைவாயிலாக அமைந்த பகுதிக்கும் நேராகச் சென்றுவிடுகிறது. இது என்ன மணம் என்று பெயர் சொல்லும் முன்பே நெஞ்சு அடைத்துக்கொள்வது இதனால்தான். நம்மிடம் ஏறத்தாழ 400 வகையான மண உணர்விகள் உள்ளன. அவற்றை ஆக்கும் மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்ததற்காக லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு பூவின் மணம் ஒற்றைப் பொருளால் ஆனதன்று. மல்லிகையை எடுத்துக்கொண்டால் பென்சைல் அசிட்டேட், லினலூல், இண்டோல் என்று பலவும் கலந்தே அது மல்லிகையாகிறது. அவற்றில் இண்டோல், தனியே செறிவாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும் பொருள். இந்தக் கலவையை உணர்விகளில் பல சேர்ந்து ஒரு கோலம் போல வரைந்துகொள்கின்றன.

நினைவின் வயதும் கவனிக்கத்தக்கது. சொல்லைக் காட்டியோ படத்தைக் காட்டியோ பழைய நினைவுகளைக் கேட்டால், மூத்தவர்கள் பெரும்பாலும் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவற்றைச் சொல்கிறார்கள். மணத்தைக் காட்டிக் கேட்டால் பத்து வயதுக்கு முற்பட்டவை மேலெழுகின்றன. புகைப்படங்கள் தராத கையை மணம் தந்ததில் வியப்பில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மணம் கிளப்பும் நினைவு மற்றவற்றை விட உணர்ச்சி மிகுந்ததாக இருப்பது ஆய்வுகளில் தெரிகிறது; மற்றவற்றை விடத் துல்லியமாக இருப்பது தெரியவில்லை. அந்தக் கை உண்மையில் ஈரமாக இருந்ததா என்று யாரும் சான்று தர முடியாது. அதனால் அதன் மதிப்பு எனக்குக் குறைந்து தோன்றவில்லை.

இனித் தேய்மானம். இதில் இரண்டு வேறு செய்திகள் கலந்திருக்கின்றன. ஒன்று, மரத்தடியில் நின்ற சில நிமிடங்களிலேயே மூக்கு அந்த மணத்துக்குப் பழகிப்போவது. விலகிச் சிறிது நேரம் இருந்தால் அது சரியாகிவிடும். மற்றது மெதுவாக நடப்பது. முப்பது ஆண்டுகளாக அந்த மணம் உங்கள் மூளையில் ஒரு கையோடு மட்டும் முடிச்சிடப்பட்டிருந்தது. கடந்த ஓராண்டாக நாள்தோறும் நீங்கள் அதனோடு வேறொன்றை முடிச்சிட்டு வருகிறீர்கள்: மரத்தடியில் நின்று காத்திருக்கும் உங்களையே. இப்போது மணம் வந்தால் நேற்று நின்றதும் முந்தாநாள் நின்றதும் முன்னால் வந்து நிற்கின்றன. பழையது அவற்றுக்குப் பின்னால் போய்விட்டது. தீர்ந்துவிட்டது என்று நான் கருதவில்லை.

ஆகவே என் ஆலோசனை, நாள்தோறும் போவதை நிறுத்துங்கள். சன்னலைச் சாத்துங்கள். பவழமல்லியின் பெயரில் விற்கும் வாசனைத் தைலம் எதையும் வாங்கித் தடவிக்கொள்ளாதீர்கள்; அது உங்கள் மரத்தின் கலவையாக இருக்கப்போவதில்லை, இருக்கும் முடிச்சையும் குழப்பிவிடும். இன்னொன்று, அன்று உங்களை வந்தடைந்தது பூவின் மணம் மட்டும்தானா என்று எண்ணிப் பாருங்கள். ஈர மண்ணின் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருளை மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்குகின்றன. மனித மூக்கு மிக மிகக் குறைந்த அளவிலேயே உணர்ந்துகொள்ளும் பொருள்களில் அது ஒன்று. விடியலின் குளிர், நனைந்த தரை, அரை உறக்கம் ஆகிய எல்லாம் சேர்ந்தே அந்தக் கோலம் முழுமையாகியிருக்கும். புதிய வீட்டில் கன்று பூக்கும் காலத்தில், நண்பகலில் ஒரு பூவை எடுத்து முகர்ந்துவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று வருந்தாதீர்கள்.

மறுமொழி 3: நாலுமணி

முன்னிருவரும் எழுதியதைப் படித்த பிறகு, எல்லாப் பூவும் இனியதையே கொண்டுவரும் என்பது போன்ற ஒரு தொனி இந்த உரையாடலில் ஏறிவிட்டதாகத் தோன்றியதால் எழுதுகிறேன்.

என் தந்தையார் இரவு வேலைக்குப் போகிறவர். அவர் விதைத்த அந்திமந்தாரை வாசற்படியின் இரு புறமும் புதராக மண்டியிருந்தது. மாலை நான்கு மணியை ஒட்டி அவை விரியத் தொடங்கும். அப்பா காலணியை மாட்டிக்கொள்வதும் அப்போதுதான். பூக்கள் மலரும் வேளையைக் கொண்டே நேரம் அறியலாம் என்று 1751-இல் லின்னேயஸ் ஒரு மலர்க் கடிகாரத்தையே எழுதி வைத்தார் என்று பிற்காலத்தில் படித்தேன். அந்தக் கடிகாரம் எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். அதன் ஒரே மணி, அப்பா போகும் மணி. இன்றும் அந்த மெல்லிய மணம் எட்டினால் எனக்கு வருவது அவருடைய அன்பன்று. வாசலில் நின்று, திரும்பிப் பார்க்கமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் கோபம். அவர் காலமாகி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது அப்படியே வருகிறது.

பிடிக்காத பூவை ஏன் மூன்று வீடுகளுக்கு விதையாகச் சுமந்து சென்றேன் என்று கேட்டால் என்னிடம் நேரான விடை இல்லை. மிளகு போன்ற அந்தக் கரிய விதைகளை, குழந்தைகள் வாயில் போட்டுவிடாமல், நச்சுத்தன்மை உள்ளது என்பதால் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு தொல்லையையும் பட்டுக்கொண்டுதான் சுமந்தேன்.

பதியன்காரர் விதையைச் சற்றுக் குறைவாகப் பேசியதில் எனக்கு மாறுபாடு உண்டு. அப்பாவின் செடிகள் எல்லாம் அடர்ந்த ரோசா நிறம். என்னிடம் இன்று இருப்பவற்றில் மஞ்சளும் உண்டு, இரண்டு நிறமும் தெறித்தவையும் உண்டு. முதன்முதலில் மஞ்சள் பூத்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதன் காரணத்தைத் தேடிப் போனபோதுதான், மரபியலின் தொடக்க காலத்தில் கார்ல் கோரன்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதே அந்திமந்தாரையை வைத்து ஆய்ந்ததை அறிந்தேன். பச்சையும் வெள்ளையும் கலந்த இலை உள்ள செடிகளில், பிள்ளைச் செடியின் இலை எப்படி இருக்கும் என்பது விதை எந்தக் கிளையில் விளைந்ததோ அதை மட்டுமே பொறுத்திருக்கிறது, மகரந்தம் எங்கிருந்து வந்தது என்பது பொருட்டே இல்லை என்று அவர் 1909-இல் வெளியிட்டார். இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகங்கள் தாயின் சூல்செல் வழியாகவே பிள்ளைக்குப் போகின்றன. பூவின் நிறத்திலோ இரு பக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆக, ஒரே செடியில் தாயிடமிருந்து மட்டும் வந்தது ஒன்று, இருவரிடமிருந்தும் வந்தது ஒன்று. செடியை மனிதரோடு ஒப்பிட்டு உருகுவது எனக்குப் பழக்கமில்லை, ஆகவே இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் சகோதரி, விதையையும் போடுங்கள். அச்சு மாறாத பிரதியை மட்டும் வைத்துக்கொண்டால், அது வாடும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு உயிர் போய் உயிர் வரும்.

மறுமொழி 4: ஒருபக்கச் சாய்வு

உங்கள் அண்ணன் பக்கம் பேச ஒருவராவது வேண்டும்.

அமெரிக்காவில் ஆன் ஜார்விஸ் என்னும் பெண்மணி 1905-ஆம் ஆண்டு மே 9 அன்று மறைந்தார். அவருடைய மகள் அன்னா ஜார்விஸ், 1908 மே 10 அன்று மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊரில் நடந்த நினைவு வழிபாட்டுக்கு, தாய்க்கு மிகவும் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் 500-ஐ அனுப்பிவைத்தார். அன்னையர் நாள் என்று உலகம் அறிந்த நாளின் தொடக்கம் அதுதான்; 1914-இல் அது நாடு தழுவிய நாளாக அறிவிக்கப்பட்டது. கார்னேஷன் தன் இதழ்களை உதிர்ப்பதில்லை, சாகும்போதும் அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறது, தாயும் அப்படித்தான் என்று அவர் விளக்கமும் தந்தார். உங்கள் பவழமல்லிக்கு நேர் எதிரான பூ. ஒருத்தியின் தாய்க்குப் பிடித்த பூ எல்லோருடைய தாய்க்கும் உரிய பூவாகி, பிறகு விற்பனைப் பொருளாகிவிட்டதைக் கண்டு பொறுக்காமல், பூ வணிகர்களோடும் வாழ்த்து அட்டை அச்சிட்டவர்களோடும் அவர் தம் வாழ்நாளையும் செல்வத்தையும் செலவிட்டுப் போராடினார். 1948-இல் ஒரு மருத்துவ இல்லத்தில் இறந்தார். தாம் தொடங்கிய நாளையே ஒழிக்க முயன்றவராக.

தாயின் பூ என்பதை இவ்வளவு இறுகப் பிடிக்கலாமா என்று எனக்கு எப்போதும் ஐயம் உண்டு. அண்ணன் சொன்னது அசட்டையாக இருக்க வேண்டியதில்லை. ஒருவேளை அவருக்கு அந்த மரத்தில் அம்மா இல்லாமல் இருக்கலாம், வேறெதிலோ இருக்கலாம். கேட்டீர்களா?

மறுமொழி 5: பழைய வாசகி

சிறிய குறிப்பு. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு மணம் அறியும் திறன் முழுதாகப் போயிற்று. என் தாயாரின் ரோஜாச் செடி முற்றத்தில் பூத்துக் குலுங்கியது. முகர்ந்தால் வெறும் காற்று. சில மாதங்கள் கழித்துத் திரும்பத் தொடங்கியபோது அது ரோஜாவாகத் திரும்பவில்லை, ஏதோ எரிந்த ரப்பர் போல வந்தது. அழுதேன். மருத்துவர் சொன்னபடி ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் நாளுக்கு இருமுறை சில நொடிகள் கவனமாக முகர்ந்து வந்தேன். 2009-இல் ஜெர்மனியில் 12 வாரங்கள் செய்து பார்த்து வெளியிடப்பட்ட பயிற்சி அது. மூக்கின் மண உணர்விச் செல்கள் புதிதாக வளரக்கூடியவை என்பதால் இதில் பயன் கிடைக்கிறதாம். ஏறக்குறைய ஓராண்டில் ரோஜா ரோஜாவாயிற்று. சிறிது மங்கல்தான்.

மணமே வராத அந்த மாதங்களிலும் வேறொன்று வந்துகொண்டிருந்தது. உலர்ந்த பூவைக் காம்போடு கிள்ளும்போது அம்மா இரண்டு விரலைப் பிடிக்கும் விதம் என் விரலில் இருந்தது.

நிலவொளி (ஏழு வாரங்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. செய்தவற்றைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு போத்துகள் ஊன்றினேன். அவற்றில் ஐந்து, முதல் மூன்று வாரங்களிலேயே கறுத்துவிட்டன. மூன்று, துளிர்விட்டு என்னை மகிழ்வித்த பிறகு வாடின. முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் அதற்கு வருந்தினேன். நான்கு நிற்கின்றன. இரண்டு கிளைகளில் போட்ட விண்பதியத்தில் ஒன்றில், தாளுக்குள் வெள்ளை நூல் போல வேர் தெரிகிறது. விதைகளும் எடுத்து வைத்திருக்கிறேன், நாலுமணி அவர்களுக்காக.

அண்ணனிடம் கேட்டேன். அவருக்கு அந்த மணத்தில் ஒன்றும் இல்லையாம். "அம்மா என்றால் எனக்குத் துடைப்பச் சத்தம்தான், பெருக்கத் தொடங்குவதற்கு முன்பு சிறிது நேரம் சத்தமே இருக்காது, அப்போது எழுந்துகொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன்" என்றார். அம்மா பூக்களின் ஓரமாக நின்ற அந்த நேரத்தை நான் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் இதை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

சன்னலை ஏழு வாரங்களாகச் சாத்தி வைத்திருக்கிறேன். சாவி கொடுக்கும் நாள் விடியலில் ஒருமுறை திறப்பதாக எண்ணம்.

பதியன்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. நான்கில் இரண்டு கன்றுகளின் இலை நுனி பழுப்பேறுகிறது. பையை இன்னும் எடுக்கவில்லை. நீரைக் குறைக்க வேண்டுமா?

மறுமொழி 6: பதியன்காரர்

ஏழு வாரத்தில் நான்கு நிற்பது நல்ல கணக்கு. பையை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். முதலில் மேல் முனையில் சிறு துளை இடுங்கள், இரண்டு நாள் கழித்து இன்னொன்று, ஒரு வாரத்தில் முழுதாக நீக்கலாம். மண்ணில் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டாம். பழுப்பு நுனியைக் கத்தரிக்க வேண்டாம். விண்பதியத்தில் வேர் வெள்ளையாக இருக்கும்வரை அறுக்காமல் காத்திருங்கள். சற்றுப் பழுப்பேறிக் கிளைவிட்ட பிறகு அறுத்தால் பிழைக்கும். சாவி கொடுக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதல்லவா? போதும்.